மூன்றாம் ஓலை

முதலில் மேலத்தெருக்காரர்கள் மாதா கோயிலுக்குள் கம்பித் தடுப்பு வைத்தார்கள். காலனிக்காரர்கள் தடுப்புக்குப் பின்னால். அடுத்து கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பினார்கள். அதற்கப்புறம் காலனிக்குள் வராதபடி மாதா தேரின் பாதையைத் திருப்பினார்கள். நாலாவதாக, காலனி இன்னாசியின் கல்யாண ஓலையை நிறுத்தினார்கள்.

இந்த வரிசை பிசகாமல் நாற்பத்திரண்டு வருடம் துண்டறிக்கை அடித்தவர் இன்னாசி. முதல் மூன்றையும் போராடித் தகர்த்தாயிற்று. நாலாவது மட்டும் நின்றது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்களின் பெயரை வாசிப்பார்கள். அதுதான் ஓலை. இரண்டு வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு, மேலத்தெருப் பெண் மதலேனின் அண்ணன் மிக்கேல் எழுந்து, “தடை இருக்கு!” என்று கத்தினார். என்ன தடை என்று ஒருவரும் கேட்கவில்லை. இருவரும் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். கோயிலில் நடக்காத கல்யாணம் என்று, அன்றிலிருந்து மதலேனுக்குப் பூசையில் நற்கருணை அப்பம் கிடையாது.

எழுபது வயதில்தான் இன்னாசிக்கு ஒரு குரு வாய்த்தார். புதிய பங்குச் சாமியார் தேவசகாயம், வயது முப்பத்திரண்டு. புதன்தோறும் இன்னாசி அவரிடம் வேதம் படிக்கப் போவார். படிப்பைவிடச் சண்டை அதிகம்.

அந்த வாரம் பங்குப் பேரவை கூடி, இனிச் சாதி பார்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டிருந்தது.

“இந்த மாதிரி நூறு எழுதியிருக்கேன் சாமி. பிழையில்லாம.”

“வீட்டம்மா என்ன சொல்றாங்க?”

“சாகுறதுக்குள்ள நற்கருணை வாங்கணுமாம். அதுக்கு உங்க தீர்மானத்துல வழி இருக்கா?”

சாமியார் பழைய கல்யாணப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் முன்வரிசைக்கு வாங்க. வெள்ளைச் சட்டை இருக்கா?”

“கறுப்புதான்.”

“பொருத்தமாத்தான் இருக்கும்.”

ஞாயிறு, பிரசங்கம் முடிந்ததும் சாமியார் அந்தப் பதிவேட்டை விரித்தார். “இவங்களுக்கு ரெண்டு ஓலை ஏற்கெனவே வாசிச்சாச்சு” என்று சொல்லி, மூன்றாவதை வாசித்தார். “தடை இருந்தால் சொல்லலாம்.”

மிக்கேல் தடியை ஊன்றி எழுந்தார்.

மதலேன் கணவரின் கையை இறுக்கினாள். இன்னாசியின் நாக்கு நுனியில் நாற்பத்திரண்டு வருடத்து வசவு வந்து நின்றது.

“சாமி, அன்னைக்கு நான் கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. நீங்க வாசிச்சது எனக்கே கேக்கலையே!” என்றார் மிக்கேல்.

கோயில் ஒரு கணம் திகைத்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. “மைக்கைப் போடுங்கப்பா!” என்றது ஒரு குரல்.

இன்னாசி தடுமாறி எழுந்தார். “சாமி, இப்ப நான் என்ன பேச?”

“மாப்பிள்ளை பேசக்கூடாது. உக்காருங்க.”

மைக் கரகரத்தது.

“மூன்றாம் முறையாக அறிவிக்கிறேன். மணமகன், நம் பங்கைச் சேர்ந்த கித்தேரியம்மாள் மகன் இன்னாசி. மணமகள், நம் பங்கைச் சேர்ந்த வியாகுலம்மாள் மகள், மிக்கேலின் தங்கை, மதலேன்.”