குளக்கரைச் சுவரில் எருமை சிரித்த கதை

பூசணிப்பட்டிக்காரர்களை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஊர் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

டவுனுக்குப் போய்வந்த பிச்சாண்டி ஒரு சேதி கொண்டுவந்தான். "செல்போன்ல ஒரு இடம் இருக்குவே. ஆளாளுக்குச் செய்தி போடுவாங்க. நல்லதுக்கு ஓட்டு விழுந்தா மேல ஏறும். மோசமானதுக்கு எதிர் ஓட்டு விழுந்தா கீழ இறங்கும்."

ஊரில் டவர் கிடையாது. அதனாலென்ன, குளக்கரைக்கு அடியில் பஞ்சாயத்துச் சுவர் இருந்தது. நல்ல செய்திக்குக் குங்குமப் பொட்டு, மோசமானதுக்குக் கரிப்பொட்டு என்று தலைவர் அய்யாத்துரை உத்தரவு போட்டார்.

"எங்க எருமை சிரிச்சுது" என்று எசக்கியம்மா ஒட்டிய தாளுக்கு முதல் நாளே நூற்றுப்பத்துக் குங்குமம். தாள் சுவர் உச்சிக்குப் போய்விட்டது.

அன்றைக்குப் பார்த்து மடைக்காரர் மாடக்கண்ணு ஓடிவந்து ஒட்டினார்: "குளக்கரையில் ஓட்டை. மண்மூட்டையோடு உடனே வாங்க." பாவம், அவர் வீடு கரைக்கு நேர் கீழே. அறுப்புக்கு நின்ற ஊர் நெல்லும் அங்கேதான்.

ஊரே படித்தது. "ஐயோ, எவ்வளவு மோசமான செய்தி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு கரிப்பொட்டு வைத்தது. தாள் சுவரின் அடிக்கு வந்தது.

"தலைவரே, கரை கரையுது! ரெண்டு ஆளையாவது அனுப்பும்!" மாடக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார்.

"உம்ம தாளு உச்சிக்கு வரட்டும், ஊரே வரும். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

மாடக்கண்ணு விவரமானவர். "எருமை சிரிக்குது, கரையில் ஓட்டை" என்று புதுத்தாள் ஒட்டினார். ஊர் கூடி யோசித்தது.

"பாதி நல்லது, பாதி மோசம். என்ன செய்ய?"

"கிழிச்சிருவோம்."

எருமைப் பாதி மேலே போனது. ஓட்டைப் பாதி கீழே வந்தது. அதற்கும் கரி விழுந்தது. இனி இறக்கச் சுவர் இல்லை. தாளை இன்னும் கீழே இறக்கப் பத்துப் பேர் மண்வெட்டியோடு வந்து, கரையின் அடியிலேயே குழி வெட்ட ஆரம்பித்தார்கள்.

"அடப் பாவிகளா, அந்த மண்ணை அள்ளி ஓட்டையில போடுங்கடே!"

"அதுக்கு ஓட்டு விழலையே அண்ணாச்சி!"

இடுப்பளவு வெட்டியதும் குழிக்குள் தண்ணீர் கொப்பளித்தது. அடுத்த நிமிஷம் கரை மடாரென்று உடைந்தது.

ஊர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. நெல் போச்சு. மாடக்கண்ணு எசக்கியம்மாவின் எருமை முதுகில் தொத்திக்கொண்டு மிதந்து வந்தார். "என் வீடு போச்சே! இப்பவாவது புரியுதா?" என்று அழுதார்.

தலைவர் சுவரைக் காட்டினார். "முங்கினது எது? கரி வாங்கின தாளு. மேல நிக்கது எது? குங்குமம் வாங்கின தாளு. தண்ணிக்கே முறை தெரிஞ்சிருக்கு, உமக்குத் தெரியலையே!"

அதைக் கேட்டு எருமை சத்தியமாகச் சிரித்தது. அந்த நல்ல சேதிக்குப் பொட்டு வைக்க, கழுத்தளவு தண்ணீரில் ஊரே முங்கி முங்கிக் குங்குமச் சிமிழைத் தேடியது.