போர்டில் ஒரே ஒரு பெயர்

கல்வி அதிகாரி நான்காம் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் கத்தி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இது வகுப்பா, சந்தையா?" என்று எஸ்தர் டீச்சரை அதட்டினார். பிறகு வகுப்புத் தலைவி தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டார்.

"இனிமே வாயைத் திறக்கிறவங்க பேரைப் போர்டுல எழுது. போர்டுல பேர் வந்தா வெயில்ல முட்டி போடணும். ஒருத்தரை விட்டாலும் நீ போடணும்."

"யாரா இருந்தாலுமா, சார்?"

"யாரா இருந்தாலும்!"

பிள்ளைகள் வாயில் விரலை வைத்துக்கொண்டார்கள். அதிகாரி ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். தான் படித்த காலத்தைப் பற்றிப் பேசினார். நடுவில் போன் வந்தது. மச்சானிடம் ஆட்டுக்கறியைப் பற்றிப் பேசினார். பேசி முடித்துத் திரும்பினால் போர்டில் எழுதியிருந்தது: 'அதிகாரி சார் – அடங்கவே இல்லை.'

"ஏய், அழி அதை!"

தங்கபுஷ்பம் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இது எதுக்கு?"

"மறுபடியும் பேசிட்டீங்க, சார். நான் அழிச்சா நான்தான் முட்டி போடணும். டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, அவங்களே அழிச்சிடுவாங்க."

அதிகாரி ஜன்னல் வழியே பார்த்தார். வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. எஸ்தர் டீச்சர் டஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.