நஞ்சியின் கதவு

கல்லூற்றுப்பதி மலைக்கிராமத்தில் தொண்டை அடைப்பான் நோய் புகுந்தது. ஒரு குழந்தை இறந்துபோனது. சுகாதாரத்துறை ஜீப்பின் சத்தம் கேட்டதுமே பாதிச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது.

நஞ்சியால் ஓட முடியவில்லை. அவள் மகள் மாசிக்குக் கழுத்து வீங்கி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மகளோடு குடிசைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டாள். வாசலில் அவள் புருஷன் வெள்ளிங்கிரி அரிவாளோடு நின்றான்.

இளம்பரிதி வட்டார மருத்துவ அலுவலராகி அதிக நாளாகவில்லை. நோய் கண்டவர்களைக் கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லும் கலெக்டரின் ஆணை அவன் கையில் இருந்தது. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். பக்கத்தில் மாவட்ட சுகாதார அலுவலர் டாக்டர் மங்கையர்க்கரசி. கல்லூரியில் அவனுக்குப் பாடம் சொன்னவர்.

குடிசைக்குள்ளிருந்து அந்த மூச்சு கேட்டது, ஈர மரத்தில் ரம்பம் இழுப்பதுபோல.

"கதவை உடைங்க," என்றான் பரிதி.

வெள்ளிங்கிரி அரிவாளை ஓங்கினான்.

"வேண்டாம்," என்றார் மங்கையர்க்கரசி. போலீஸ்காரர்களிடம் திரும்பினார். "நீங்க ஜீப்புக்குப் போங்க."

"மேடம், சட்டம் நமக்கு இடம் கொடுக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து ஏத்தலேன்னா குழந்தை செத்துடும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் நிக்கறோம்?"

அவர் நேரே போய், ஓங்கிய அரிவாளுக்குக் கீழேயே மண்ணில் உட்கார்ந்தார்.

"நஞ்சி, எதுக்கும்மா பயப்படறே?"

அந்த மூச்சின் ரம்பச் சத்தத்துக்கு நடுவே நஞ்சியின் குரல் வந்தது.

"போன மழைக்கு என் அக்கா மகனைக் கொண்டுபோனீங்க. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வெச்சுப் பூட்டினீங்க. அவன் ஆத்தாளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே செத்தான். துணியில சுத்திக் கொடுத்தீங்க. முகத்தைக்கூடக் காட்டல."

பரிதி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையமர்த்தினார்.

"காட்டியிருக்கணும்," என்றார்.

உள்ளே மூச்சு நின்றது. பரிதி கதவை நோக்கி ஓரடி வைத்தான். வெள்ளிங்கிரியே திரும்பிக் கதவைப் பார்த்தான். மூச்சு மறுபடி இழுத்தது.

"மேடம்!"

அவர் கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நஞ்சி, இங்கேயே இருந்தா மாசி பிழைக்க மாட்டா. அங்கே வந்தா பிழைப்பான்னு நான் சத்தியம் பண்ணவும் மாட்டேன். உனக்கு என்ன வேணும், சொல்லு."

"அவ கையை நான் விட மாட்டேன்."

"விடாதே."

பரிதி குனிந்து மெல்லச் சொன்னான். "தொற்று வார்டுல துணைக்கு ஆள் வைக்கக் கூடாது மேடம். விதி இருக்கு."

"இவளுக்கும் ஒரு முகக்கவசம் எடு. தடுப்பு மாத்திரையும் கொடு. ஆஸ்பத்திரி டீனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

தாழ்ப்பாள் விலகியது. வெள்ளிங்கிரி அரிவாளை எறிந்துவிட்டு உள்ளே ஓடி மகளைத் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் மாசி ஒருமுறை நீலம் பாரித்தாள். எல்லாம் முடிந்தது என்றே பரிதி நினைத்தான். நஞ்சி கையை விடவில்லை. மருந்து வேலை செய்யத் தொடங்கியது. மூச்சு மெல்லச் சீரானது.

சேதி எப்படியோ காட்டுக்குள் போனது. ஊர் மூப்பரே ஓடிப்போனவர்களைத் திரும்பக் கூட்டிவந்து தடுப்பூசிக்கு நிறுத்தினார். "ஆத்தாளைக் கூடவே விட்டாங்களாமே?" என்று மட்டும் பரிதியிடம் கேட்டார். ஆமாம் என்றான்.

கடைசிக் குழந்தைக்கும் ஊசி போட்டபின், கை கழுவிக்கொண்டே பரிதி கேட்டான்.

"மேடம், நஞ்சி அன்னைக்குக் கதவைத் திறக்காமலே இருந்திருந்தா?"

"உடைச்சிருப்பேன்."

அவன் திடுக்கிட்டான். "நானும் அதைத்தானே சொன்னேன்?"

"குழந்தையை உன்கூட ஜீப்புல அனுப்பியிருப்பேன். நான் இங்கேயே இருந்து, உடைச்ச கதவைத் திரும்ப மாட்டிக் கொடுத்து, இவங்க ஏசுறதை எல்லாம் கேட்டுட்டுத்தான் மலை இறங்கியிருப்பேன்."

பரிதி குழாயை மூட மறந்து நின்றான்.