கலங்கல் தண்ணீர்

"மேல்வீட்டு எத்திராஜ் எதையோ மறைக்கிறான், அம்மா," என்றார் பொன்னுத்துரை.

சாமியம்மா சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தார். அந்தத் துறவியின் குடிசை மலைச்சரிவின் அடியில் இருந்தது. அதற்கு மேலே பொன்னுத்துரையின் வீடு. அதற்கும் மேலே எத்திராஜின் வீடு.

போன மழைக்காலத்தில் சரிவு இடிந்து பொன்னுத்துரையின் கொட்டகையை மூடியது. மாடுகளோடு.

எத்திராஜ் வீடு கட்ட மண்ணை வெட்டியதால்தான் சரிந்தது என்று பொன்னுத்துரை வழக்குப் போட்டார். பாதைக்காக அடியில் தோண்டியவர் பொன்னுத்துரைதான் என்று எத்திராஜ் எதிர்வழக்குப் போட்டார்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. வேவு பார்ப்பது மட்டும் உண்டு.

"சமையல்கட்டுப் பின்சுவர்ல சாக்குப் படுதா கட்டியிருக்கான். யாரையும் அண்ட விடறதில்லை. நேத்து உங்ககிட்ட வந்தானாமே?"

"வந்தான்."

"என்ன சொன்னான்?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னான்."

பொன்னுத்துரையின் முகம் இறுகியது. "என்னைப் பத்தியா?"

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லை."

அதை அவர் நம்பவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் ஒண்ணு சொல்றேன். உங்களோட இருக்கட்டும். கொட்டகை இருந்த இடத்துல, சுவருக்கு அடியில தண்ணி ஊறுது."

"தெளிவாவா?"

"கலங்கலா."

"என்ன செஞ்சே?"

"மண்ணை அள்ளிப் போட்டு மூடிட்டேன். கோர்ட்டுலேர்ந்து பார்வையிட ஆள் வரப்போறாங்க. அடியில தோண்டினதாலதான் ஊத்து கிளம்பிச்சுன்னு எழுதிட்டா, என் கேஸ் போச்சு."

கூரையில் தூறல் விழத் தொடங்கியது.

சாமியம்மா எழுந்தார். அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார். பாயைச் சுருட்டினார். அரிசிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்கே போறீங்க?"

"இந்தச் சரிவை விட்டுப் போறேன்."

"ஏன், திடீர்னு?"

"நேத்து அவன் சொன்னதைக் கேட்டேன். இன்னிக்கு நீ சொன்னதைக் கேட்டேன்."

அவர் எதிர்மலைப் பாதையில் நடக்க ஆரம்பித்தார்.

பொன்னுத்துரை அசையாமல் நின்றார். மேல்வீட்டுச் சுவரில் தொங்கும் சாக்குப் படுதா கண்முன் வந்தது.

வெடிப்பு.

அவன் மூடி வைத்திருப்பது சுவர் வெடிப்பு. மேலே வெடிப்பு, கீழே கலங்கல் தண்ணீர் என்றால் சரிவு மறுபடி இடியப்போகிறது.

ஓடினார். வீட்டுக்குள் இருந்த மனைவியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "சாமியம்மா போற வழியிலேயே போ. திரும்பிப் பார்க்காதே."

பிறகு மேலே ஏறினார். வழுக்கி விழுந்தார். எழுந்து ஏறினார்.

எத்திராஜ் கதவைப் பாதிதான் திறந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் குழந்தைகள் எட்டிப் பார்த்தன.

"வக்கீல் அனுப்பினாரா? உளவு பார்த்துட்டு வரச் சொன்னாரா?"

பொன்னுத்துரைக்கு மூச்சு வாங்கியது.

"என் சுவருக்கு அடியில தண்ணி வருது. சேறும் தண்ணியுமா வருது. நான்தான் மூடி வெச்சேன்."

எத்திராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏதாவது சூது இருக்கிறதா என்று தேடுவதுபோல.

மழை வலுத்தது.

எத்திராஜ் உள்ளே திரும்பி மனைவியை அழைத்தார்.

"தேவகி, பிள்ளைங்களைத் தூக்கு."