சுவருக்கும் முதுகுக்கும் நடுவே

சலேத்மேரி தூத்துக்குடியில் பேக்கரி வைத்திருந்தாள். விடியற்காலையிலிருந்து மாவு பிசைந்து, தட்டு தூக்கி, குனிந்து நிமிர்ந்தே பொழுது போகும். சாயங்காலம் ஆனதும் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வாலிபால் மைதானத்துக்கு ஓடிவிடுவாள். நாற்பத்தாறு வயதிலும் அவள் எம்பி அடிக்கிற பந்தை எடுக்க எதிரணியில் ஆள் கிடையாது.

குனிந்தும் எம்பியும் உழைத்த இடுப்புதான் இப்போது அவளைப் படுத்தி எடுத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு ஏதும் இல்லை, சதைப்பிடிப்புதான், பயிற்சி செய்தால் போதும் என்று சொல்லியிருந்தார்.

அப்படித்தான் ஹசீனாவிடம் வந்து சேர்ந்தாள். அடிபட்ட ஆட்டக்காரர்களுக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளச் சொல்லித்தரும் பெண். வயது இருபத்தேழுதான். ஆனாலும் சலேத்மேரி அவளை 'டீச்சர்' என்றே கூப்பிட்டாள்.

ஹசீனா அவள் கையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்தாள்.

"சுவத்துல சாஞ்சு, சுவத்துக்கும் முதுகுக்கும் நடுவுல இதை வச்சு உருட்டுங்கக்கா. முதுகெலும்பு மேல வேண்டாம், பக்கத்துச் சதையில. மூச்சு முட்டுற அளவுக்கு அழுத்தக் கூடாது. ஒரே இடத்துல நிக்காதீங்க, தேடுங்க."

"இங்கனதானே வலிக்குது டீச்சர்? வேற எங்கன தேட?"

ஹசீனா சிரித்தாள். பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை நெஞ்சோடு இழுத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

சலேத்மேரி தினமும் செய்தாள். பந்தை இடுப்பில் வைத்து பரபரவென்று தேய்த்துவிட்டு, ரொட்டி வெந்துவிட்டதா பார்க்க ஓடினாள். கொஞ்சம் குறையும். மறுபடி பிடிக்கும்.

"நீங்களே கையால அழுத்தி விட்டா என்ன டீச்சர்? பைனல் வருதுல்லா?"

"மேட்ச் முடியட்டும், சொல்லுதேன்."

பைனலுக்கு வந்தது கோவில்பட்டி அணி. மைதானம் நிரம்பி, மதில்மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு செட். கடைசி செட்டிலும் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை.

"சலேத்தக்கா! சலேத்தக்கா!" என்று கூட்டம் கத்தியது. பந்து உயர்ந்தது. சலேத்மேரி எம்பினாள். ஆகாயத்திலேயே இடுப்பு வெட்டி இழுத்தது. முழங்கால் மடிந்து மணலில் விழுந்தாள்.

கேப்டன் கனகா ஓடிவந்து தூக்கினாள். "வெளிய உக்காருக்கா. மாத்து ஆள் போடுதேன்."

சலேத்மேரி கூட்டத்தில் ஹசீனாவைத் தேடினாள். அதோ, மஞ்சள் துப்பட்டா. இரண்டு கையையும் ஆட்டி அழைத்தாள். ஹசீனா பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

சலேத்மேரிக்கு ஆத்திரமாக வந்தது. பையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் சுவரில் போய்ச் சாய்ந்தாள். இடுப்பில் வைத்து உருட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் கீழே இறக்கினாள். இல்லை. இன்னும் கீழே, பின்பக்கச் சதையில், சற்று ஓரமாக—

சுருக்கென்றது. அங்கிருந்து இடுப்புவரை ஒரு நரம்பைச் சுண்டியது போல் இருந்தது.

"யம்மாடி! நீ இங்கனயா இருக்க!"

அசையாமல் அதன்மேல் சாய்ந்து நின்றாள். மூச்சை மெல்ல விட்டாள். கல்லாக இருந்த சதை, ஊறிய மாவைப் போல இளகிக் கொடுத்தது. அப்படியே மணலில் படுத்து முழங்காலை நெஞ்சோடு இழுத்தாள். மதில்மேல் இருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எழுந்து நடந்து பார்த்தாள். வலி இருந்தது. ஆனால் உடம்பு திரும்பியது, குனிந்தது.

"கனகா, என்னை இறக்கு!"

"எம்ப முடியுமாக்கா?"

"எம்ப மாட்டேன். பந்தை மட்டும் எனக்குத் தா."

ஜெயிக்க இன்னும் ஒரே பாயின்ட். சலேத்மேரி உள்ளே இறங்கியதுமே கோவில்பட்டிக்காரிகள் அவளுடைய அடிக்குப் பயந்து பின்னால் நகர்ந்து நின்றார்கள். கனகா பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். சலேத்மேரி கையை ஓங்கினாள். கால் தரையிலேயே இருந்தது. விரல்நுனியால் பந்தை மெல்லத் தட்டிவிட்டாள்.

பந்து வலையைத் தாண்டி, ஆளில்லாத மணலில் பொத்தென்று விழுந்தது.

மைதானமே எழுந்து ஆடியது. கனகா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கப் பார்த்தாள். "ஏட்டி, இடுப்பு! இடுப்பு!" என்று கத்தியபடியே அவளை விலக்கிவிட்டு, மூச்சிரைக்க ஹசீனாவிடம் போய் நின்றாள் சலேத்மேரி.

"டீச்சர்! அது இடுப்புலயே இல்ல! கீழ, பின்பக்கம் ஒளிஞ்சு கெடந்துச்சு! நானே கண்டுபிடிச்சேன்!"

"பார்த்தேங்க்கா."

சலேத்மேரியின் முகம் சட்டென்று மாறியது.

"பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? நான் அந்தப் பாடு பட்டுக் கூப்பிட்டேனே, ஏன் வரல?"

"வந்திருந்தா, எங்க வலிக்குதுன்னு கேட்டிருப்பேன்," என்றாள் ஹசீனா. "நீங்க இடுப்பைக் காட்டியிருப்பீங்க."