மேற்கு வாசல் கவசம்

குன்றையூர்க் கோட்டையை எதிரி முற்றுகையிட்டு இருபது நாளாயிற்று. அந்த அமளியிலும் ஒரு தேர்தல் வந்து தொலைத்தது. மேற்கு வாசலின் அவை உறுப்பினர் கூத்தனார் மதில்மேல் சண்டையிட்டு மாண்டுவிட்டார். அவருக்கு அடுத்து வருபவர் கையில்தான் அந்த வாசலின் அரிசிக் கிடங்குச் சாவி இருக்கும்.

போர்க்காலத்தில் போட்டி கூடாது என்பது அங்கே சட்டம். முதலில் ஓலை கொடுத்தவரே உறுப்பினர். பொழுது விடிந்ததும் ஓலையோடு வந்து நின்றவன் அமைச்சரின் மைத்துனன் ஆளவந்தான். போர் முரசு கேட்ட அன்று வைக்கோற்போருக்குள் ஒளிந்த மகராசன்!

அரசர் தம் விகடகவி பொன்னம்பியைக் கூப்பிட்டார்.

“சாவி அவனிடம் போனால் மதில்மேல் நிற்பவனுக்குக் கஞ்சிகூடக் கிடைக்காது. போட்டியும் வைக்கக் கூடாது, அவன் ஓலையைத் தள்ளவும் கூடாது, அவன் வரவும் கூடாது. மாலைக்குள் வழி செய். இல்லாவிட்டால் மதில்மேல் நீ நிற்பாய்!”

பொன்னம்பி நேரே மேற்கு வாசலுக்கு ஓடினான்.

மாலையில் அவை கூடியது. ஆளவந்தான் பட்டு உடுத்தி, சந்தனம் பூசி வந்தான். ஆசனத்தில் அமரப் போனவனைப் பொன்னம்பி தடுத்தான்.

“கொஞ்சம் பொறுங்கள். முன்னவர் விட்ட வேலையை முடித்துவிட்டுத்தானே அமர வேண்டும்? அதுதானே அவை வழக்கம்?”

“தெரியுமே! கால்வாய்த் தகராறா? மாட்டுச் சண்டையா?”

“சண்டைதான்,” என்று பொன்னம்பி கூத்தனாரின் கவசத்தை நீட்டினான். மார்பில் பெரிய ஓட்டை. “மதில்மேல் பாதியில் நிற்கிறது. எதிரியும் காத்திருக்கிறான்.”

ஆளவந்தான் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். முகம் வெளுத்தது.

“அத்தான்! எனக்கு வயிற்றுப்போக்கு!” என்று அமைச்சரைப் பார்த்து அலறினான். விலகல் ஓலையை நின்றபடியே எழுதினான். கையெழுத்தை மட்டும் ஓடுகிற ஓட்டத்தில் வாசற்படியில் வைத்துப் போட்டான்.

“அடுத்த ஓலை?” என்றார் அரசர்.

“ஒன்றே ஒன்று. மேற்கு வாசல்காரர்கள் கூடிக் கொடுத்தது,” என்றான் பொன்னம்பி.

உள்ளே வந்தவள் நாச்சி. மதிலுக்குக் கஞ்சி சுமப்பவள். போன கையோடு எதிரி தலையில் நாலு கல்லும் போட்டுவிட்டு வருபவள். கவசத்தை வாங்கி மாட்டினாள்.

“தொளதொளன்னு இருக்கு. பரவாயில்லை. கஞ்சி ஆறுது, நான் வரட்டுமா?”

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போயே போய்விட்டாள்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். “என்ன பரிசு வேண்டும், கேள்!”

“கிடைத்துவிட்டது, அரசே. கவசம் வெளியே போய்விட்டதே! அது என் கையில் இருந்த நேரமெல்லாம் நீங்கள் அதற்கு என்னையே அளவெடுத்துக்கொண்டிருந்தீர்கள்!”