நூற்றுக்கு நூறு வாங்கிய சபை

முன்னொரு காலத்தில் கடற்கரை ஓரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள். அங்கே நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு, அது எங்கள் ஊர்தான் என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை.

அந்த ராஜ்யத்து மன்னர் வீரகேசரி நல்லவர். ஆனால் ஒரு ஆசை பிடித்துக்கொண்டால் விடமாட்டார். அவருடைய சபையில் சிம்மாசனத்துக்கு இடப்பக்கம் ஒரு முக்காலி உண்டு. விகடர் பிச்சாண்டி பதினெட்டு வருஷமாக அதில்தான் உட்கார்ந்திருந்தார். மன்னர் கோபப்பட்டால் தணிப்பதும், தூங்கினால் எழுப்புவதும், தப்புச் செய்தால் சிரிக்க வைத்தே அதைச் சொல்லிவிடுவதும் அவர் வேலை. மன்னரின் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்கு வயிறு எரியாதா? ராஜ வித்வான் திரியம்பகருக்கு அது கொஞ்சம் அதிகமாகவே எரிந்தது.

ஒரு நாள் துறைமுகத்துக்கு ஓர் ஆங்கிலேயக் கப்பல் வந்தது. அதன் கேப்டன் சபைக்கு வந்து மரியாதையாக நாலு கேள்வி கேட்டான். சபையில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவன் எதைக் கேட்டாலும் முப்பது பேரும் ஒரே குரலில் "எஸ்" என்றார்கள். மன்னரும் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டி "எஸ்" என்றார். கேப்டன் முகம் வெளுத்து எழுந்து ஓடினான். அவன் போன வேகத்தில் கப்பலின் நங்கூரத்தைக்கூட சரியாகத் தூக்கவில்லை என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள்.

துறைமுகத்தில் சோற்றுக்கடை வைத்திருந்த உதுமான், இருபது வருஷம் ஆங்கிலேயக் கப்பல்களில் சமைத்தவர். பிச்சாண்டி அவரிடம் போய், கேப்டன் பேசியதைக் காதில் விழுந்தபடியே ஒப்பித்து, பொருளை விசாரித்துக்கொண்டு வந்து, மன்னரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"மன்னா, கேப்டன் முதலில் கேட்டது, இங்கே பஞ்சமா என்று. இரண்டாவது, காய்ச்சல் பரவியிருக்கிறதா என்று. மூன்றாவது, கரைக்கு வரும் கப்பல்களை நீங்கள் கொளுத்திவிடுவீர்களா என்று."

"நான்காவது?" என்றார் மன்னர்.

"அதைத் தாங்கள் கேட்காமலிருப்பது நல்லது. அது மன்னரின் புத்தி சுவாதீனத்தைப் பற்றிய கேள்வி."

மன்னர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆணை பிறந்தது. சபையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரு தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலத்தில் நூறு கேள்விகள். சொல்லைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பாதி, படித்ததை வைத்து முடிவு சொல்லத் தெரிகிறதா என்று பாதி. ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ, இ, ஈ என்று நாலு விடைகள் இருக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறுபது நாள் அவகாசம்.

கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பைத் திரியம்பகர் கேட்டு வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு ஒரு விண்ணப்பமும் போட்டார்.

"மன்னர் பெருமானே, பயம் இருந்தால்தான் படிப்பு ஏறும். எல்லோரிலும் குறைந்த மதிப்பெண் எடுப்பவர் சபையை விட்டு விலக வேண்டும் என்று ஒரு விதி சேர்க்கலாமே?"

"நல்ல யோசனை" என்றார் மன்னர். திரியம்பகர் ஓரக்கண்ணால் முக்காலியைப் பார்த்தார்.

மறுநாளே வித்வான் வீட்டில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. சபையில் இருந்த மற்ற முப்பது பேரும் போனார்கள். பிச்சாண்டியும் போனார். வாசலிலேயே வித்வானின் தங்கை மகன் நந்திகேசன் கையை நீட்டி மறித்தான். அவன் ஆயுதசாலை அதிகாரி. வாளைத் தவிர வேறெதையும் கையில் பிடித்தவன் இல்லை.

"மன்னிக்க வேண்டும் விகடரே. உள்ளே இடம் நிறைந்துவிட்டது" என்றான்.

பிச்சாண்டி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அவர் மனைவி செங்கமலம் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"சபையை விட்டு அனுப்பிட்டா இந்த வீட்டையும் காலி பண்ணணுமே. அரண்மனை கொடுத்த வீடாச்சே" என்றாள். விகடர் வீட்டில் எப்போதும் சிரிப்புத்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அன்று அங்கே யாரும் சிரிக்கவில்லை.

பிச்சாண்டி அரண்மனைச் சுவரில் ஒட்டியிருந்த மாதிரிக் கேள்விகளைப் பிரதி எடுத்துக்கொண்டு உதுமான் கடைக்குப் போனார். பகலெல்லாம் அங்கேயே கிடந்தார். மீன் கழுவிக்கொண்டே வினைச்சொல் படித்தார். அடுப்பு ஊதிக்கொண்டே எதிர்ச்சொல் படித்தார். கரையிறங்கும் மாலுமி எவனைக் கண்டாலும் வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்தார். தப்பாகப் பேசி அவர்கள் சிரித்தால் கூடவே சிரித்துவிட்டு, சரியானதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதுதான் பிச்சாண்டியிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம். தன்னைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதற்கு அஞ்சாதவருக்கு வராத படிப்பு எது?

சொற்கள் வந்துவிட்டன. முடிவு சொல்லும் கேள்விகள்தான் தகராறு செய்தன.

"இதைப் பாரும் உதுமான். எல்லாப் பூனைகளும் பண்டிதர்கள். எல்லாப் பண்டிதர்களும் பால் குடிப்பார்கள். ஆகவே என்ன என்று கேட்கிறான். பூனை எப்படி ஐயா பண்டிதராகும்?"

"அது உங்க கவலை இல்ல விகடரே" என்றார் உதுமான். "தாள்ல பூனை பண்டிதர்னா பண்டிதர்தான். தாள்ல இருக்குறத வச்சு மட்டும் சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதச் சேக்கப்படாது. கப்பல்லயும் அப்படித்தான். கேப்டன் சொன்னதுக்கு மேல நாமளா ஒண்ணு சேத்துக்கிட்டோம்னு வைங்க, கப்பல் பாறையில போய் முட்டும்."

"தாளில் போதுமான செய்தி இல்லாவிட்டால்?"

"அதுக்குத்தான நாலாவது விடை. ஈ, தகவல் போதாது. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லவும் மார்க்கு உண்டு."

பிச்சாண்டிக்கு இது ஏதோ ரகசிய மந்திரம் கிடைத்ததுபோல இருந்தது. அன்று முதல் வீட்டிலும் அதே பயிற்சிதான். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவரிடம் செங்கமலம் கேட்டாள்.

"காலையிலேயே உப்பு இல்லைன்னு சொன்னேனே, வாங்கியாரலையா?"

"உப்பு இல்லை என்றாய். வாங்கி வா என்று சொல்லவில்லையே. சொன்னதை வைத்துத்தான் நான் முடிவுக்கு வர முடியும்."

செங்கமலம் பேசாமல் அவர் முன்னால் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"சோறு எங்கே?" என்றார் பிச்சாண்டி.

"சாப்பிட உக்காருங்கன்னுதானே சொன்னேன். சோறு போடுறேன்னு சொன்னேனா?"

அன்றைக்கு உப்பில்லாத ரசம்தான். அதற்குப் பிறகும் அவர் உப்பு வாங்க மறந்துகொண்டே இருந்தார். படிப்பு மும்முரம் அப்படி.

தேர்வு நாள் வந்தது. கொலுமண்டபத்தில் வரிசையாகப் பலகைகள் போட்டிருந்தார்கள். முதலில் விடைத்தாள் கொடுத்தார்கள், பிறகு மணி அடித்தார்கள், பிறகு கேள்வித்தாள் வந்தது. கேள்வித்தாள் எட்டுப் பக்கம். பிச்சாண்டி ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, யோசித்து, பக்கம் புரட்டி எழுதினார். பாதி எழுதும்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. முப்பத்தொரு பேர் எழுதும் அந்த மண்டபத்தில் பக்கம் புரளும் சத்தம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறது. அது அவருடையது. தலை நிமிர்ந்து பார்த்தார். மற்ற முப்பது பேரும் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். நந்திகேசன் மட்டும் நடுவில் தாளம் தப்பிவிட்டது போலிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து முணுமுணுத்தான்.

மறுநாள் முடிவு வாசித்தார்கள். முப்பது பேருக்கும் நூற்றுக்கு நூறு. விகடர் பிச்சாண்டி தொண்ணூற்றொன்று.

சமையற்கட்டில் உட்கார்ந்து அறுபதே நாளில் தொண்ணூற்றொன்று! கேட்டவர்கள் மூக்கில் விரல் வைத்திருக்க வேண்டும். ஆனால் சபையிலேயே குறைந்த மதிப்பெண் அதுதானே. மன்னர் முக்காலியைப் பார்த்தார்.

"பிச்சாண்டி, விதி விதிதான். எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்றார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது.

சபையை விட்டுப் போகிறவருக்கு ஒரு தட்டு வெற்றிலையும் ஒரு வரமும் கொடுத்து அனுப்புவது அந்த ராஜ்யத்து வழக்கம். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், பதவியை மட்டும் திருப்பிக் கேட்கக் கூடாது. பிச்சாண்டி வெற்றிலையை வாங்கிக்கொண்டு கைகூப்பினார்.

"மன்னா, அடியேனுக்கு இந்தத் தேர்வை இன்னொரு முறை எழுத ஆசை. எல்லோரோடும் சேர்ந்து, இன்றைக்கே. மணியைத் தாங்களே அடிக்க வேண்டும்."

திரியம்பகர் துள்ளி எழுந்தார். "ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே கேள்வித்தாள்தான். ஒரு கேள்விகூட மாறக் கூடாது."

"ஒரு எழுத்துக்கூட மாற வேண்டாம்" என்றார் பிச்சாண்டி. "வித்வானும் எங்களோடு அமர்ந்து எழுதினால் சபைக்கே பெருமை."

புகழ்ச்சி என்றால் திரியம்பகருக்கு வெல்லப்பாகு. "எழுதினால் போயிற்று!" என்று முதல் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிச்சாண்டி சிம்மாசனத்தருகே குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்: "மன்னா, விடைத்தாள் கொடுத்ததும் மணியை அடியுங்கள். கேள்வித்தாள் மட்டும் தங்கள் மடியிலேயே இருக்கட்டும். யாராவது கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள்."

"கேட்காமல் இருப்பார்களா?" என்றார் மன்னர்.

"கேட்டால் நான் வெற்றிலையோடு போய்விடுகிறேன்."

விடைத்தாள்கள் வந்தன. மன்னர் மணியை அடித்தார். பட்டுநூல் கட்டிய கேள்வித்தாள் கட்டு அவர் மடியிலேயே இருந்தது.

வித்வானையும் சேர்த்து முப்பத்தொரு தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன. முப்பத்தொரு கைகள் தொடையில் தாளம் போட்டன. முப்பத்தொரு இறகுப் பேனாக்கள் ஓடத் தொடங்கின.

மன்னர் கட்டை லேசாக ஆட்டிப் பார்த்தார். யாரும் நிமிரவில்லை. இருமினார். யாரும் நிமிரவில்லை. "எல்லோருக்கும் தேவையானது எல்லாம் இருக்கிறதா?" என்று உரக்கவே கேட்டார். "இருக்கிறது மன்னா!" என்று தலை நிமிராமலேயே பதில் வந்தது.

முதலில் முடித்தவர் திரியம்பகர். அவர் பின்னாலேயே நந்திகேசன் விடைத்தாளை நீட்டிக்கொண்டு வந்தான்.

"எப்படியப்பா இருந்தது தேர்வு?" என்றார் மன்னர்.

"மிகச் சுலபம் மன்னர் பெருமானே! நாற்பத்தேழாவது கேள்வி மட்டும் சற்று யோசிக்க வைத்தது."

"அப்படியா? என்ன கேள்வி அது?"

நந்திகேசன் மாமாவைப் பார்த்தான். மாமா கூரையைப் பார்த்தார்.

"வித்வானே, நீர் சொல்லும். நாற்பத்தேழுக்கு விடை என்ன?"

"இ, மன்னா."

"ஏன் இ?"

திரியம்பகர் தொடையில் ஒரு முறை தாளம் போட்டுப் பார்த்தார். "விடை இ என்பதால், மன்னா."

மன்னர் மடியிலிருந்த கட்டைத் தூக்கிக் காட்டினார். பட்டுநூல் முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. எழுதிக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் ஒவ்வொருவராக நிமிர்ந்து, தங்கள் பலகையில் எது இல்லை என்று கண்டுபிடித்தார்கள்.

கடைசியில் விஷயம் வெளியே வந்தது. திரியம்பகருக்கு என்றோ ஒரு கப்பலிலிருந்து கிடைத்த பழைய பயிற்சிப் புத்தகத்தில் கேள்விகள் முன்னால் இருந்தன, விடைகள் கடைசிப் பக்கத்தில் இருந்தன. கேள்விகளை அப்படியே பார்த்துக் கேள்வித்தாளில் எழுதினாரே தவிர, அவராலும் அவற்றைப் படிக்க முடியவில்லை. அதனால் கடைசிப் பக்கத்தை மட்டும் பாட்டாக மெட்டமைத்து, அறுபது நாளும் மணியடித்து மணியடித்துப் பாட வைத்திருக்கிறார்.

மன்னர் பிச்சாண்டியின் விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. "கேள்வி கொடுக்கப்படவில்லை. விடை ஈ, தகவல் போதாது."

மன்னருக்கு முதலில் உதடு துடித்தது, பிறகு மீசை துடித்தது, பிறகு மகுடம் சரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முப்பது நூறுகள்! அவற்றின் நடுவே ஒரே ஒரு மனிதன்தான் படித்திருக்கிறான்! அவனை வெற்றிலை கொடுத்து அனுப்பப் பார்த்தேனே!" என்று எழுந்து வந்து பிச்சாண்டியைக் கட்டிக்கொண்டார். அந்த இடத்தில்தான் விகடருக்கும் கண் நிறைந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் சபை அதைப் பார்த்தது அன்றுதான்.

திரியம்பகரும் அவர் மாணவர்களும் ஆறு மாதம் உதுமான் கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டே ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. "அந்த எஸ்ஸில் என் பங்கும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் நானும் வருகிறேன்" என்றார் மன்னர். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடருக்குப் போட்டுவிட்டு, "இன்னும் ஏதாவது கேள்" என்றார்.

பிச்சாண்டி தலையைச் சொறிந்தார். "ஒரு மூட்டை உப்பு, மன்னா."

மன்னருக்கு மறுபடியும் சிரிப்பு. ஏன் என்று கேட்காமலே அனுப்பிவைத்தார். அன்று மாலை முத்துமாலையும் தோளில் உப்பு மூட்டையுமாக விகடர் வீட்டுப்படி ஏறினார். முக்காலியும் வீடும் நிலைத்துவிட்டன என்று அவர் சொன்னதைக் கேட்டுச் செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூட்டையைப் பார்த்தாள், அதை வைக்க இடமில்லாத சமையலறையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள்.

"உப்பு இல்லைன்னு சொன்னேன்" என்றாள். "ஒரு மூட்டை வேணும்னு நான் எப்போ சொன்னேன்?"